பைத்தியமா? பித்தலாட்டமா?

ஓர் ஓவியம் நமக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். வரைந்தவருக்கு மூளை பிசகிவிட்டது என்று சொல்லலாம். இல்லையேல், அவர் வேண்டுமென்றே நம்மை ஏமாற்றுகிறார் என்று சொல்லலாம். இவ்விரண்டையும் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டா, இல்லையா? உண்டு என்பதே எங்கள் கட்சி. அதற்கு நாங்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது பிரேசில் நாட்டு ஓவியர் அனிதா மால்ஃபாட்டி அம்மையாரை.

பிரேசில் என்றதும் காப்பியும் காற்பந்தும்தாம் நினைவுக்கு வரும். அந்நாட்டின் சாவோ பாவுலோ நகரம் காப்பி வணிகத்தால் செழித்து வளர்ந்த நகரம். அங்கே 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் ஓர் ஓவியக் கண்காட்சி திறந்தது. மொத்தம் 53 படங்கள். அனிதாவுக்கு 28 வயது நிறைந்து பத்து நாள்களே ஆகியிருந்தன. கூட்டம் வந்தது. சில படங்கள் விலையும் போயின. எட்டு நாள் சென்றது. டிசம்பர் 20 அன்று 'ஓ எஸ்டாடோ டி சாவோ பாவுலோ' நாளிதழின் மாலைப் பதிப்பில் மொன்டேரோ லோபாட்டோ என்னும் எழுத்தாளர் அந்தக் கண்காட்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்த பிறகு, வாங்கிய படங்களைச் சிலர் திருப்பி அனுப்பிவிட்டனர்! இரண்டாண்டு கழித்து அவர் அக்கட்டுரையைத் தம் நூலொன்றில் சேர்த்தபோது அதற்கு ஒரு புதுத் தலைப்பும் சூட்டினார். நம் கட்டுரையின் தலைப்பு அதன் பொருளைத் தழுவியதே.

அப்படி என்னதான் வரைந்துவிட்டார் அனிதா? அதற்கு அவர் வந்த வழியைக் கொஞ்சம் அறிய வேண்டும்.

1889-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தை இத்தாலியிலிருந்து வந்த பொறியாளர். தாய் பெட்டி க்ரூக் ஜெர்மானிய வழியில் வந்தவர். பிறக்கும்போதே அனிதாவின் வலக்கையும் அதன் விரல்களும் வளர்ச்சி குன்றி இருந்தன. மூன்று வயதில் இத்தாலியில் உள்ள லூக்கா நகருக்குக் கொண்டு சென்று அறுவை சிகிச்சை செய்தும் கை சீராகவில்லை. ஆகவே எழுதவும் வரையவும் இடக்கையையே பழக்கிக்கொண்டார். கணவரை இழந்த தாய், மொழிகளும் ஓவியமும் கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். அவரே அனிதாவின் முதல் ஓவிய ஆசிரியை. இளமைப் பருவத்தை எழுதுகிறவர்கள் அந்தக் கையைப் பற்றியே பக்கம் பக்கமாக இரக்கப்படுவது உண்டு. எங்களுக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. இடக்கையால் வரைந்தார், அவ்வளவுதான். படத்தைப் பார்த்தால் எந்தக் கை வரைந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

1910-ஆம் ஆண்டு அனிதா ஜெர்மனிக்குக் கப்பலேறினார். செலவை ஏற்றவர் தாய்மாமன் ஜோர்ஜே க்ரூக். பெர்லினில் அவருக்கு வாய்த்த ஆசான்களுள் ஒருவர் லோவிஸ் கொரிந்த் என்னும் புகழ்பெற்ற ஓவியர். இவர் 1911 டிசம்பரில் பக்கவாதத்தால் தாக்கப்பட்டு, அதன்பின் கை நடுங்க நடுங்கவே தூரிகை பிடித்தவர். வலக்கை வழங்காத மாணவிக்குக் கை நடுங்கும் ஆசான்! ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொண்டிருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1912-ஆம் ஆண்டு கொலோன் நகரில் 'சோண்டர்புண்ட்' என்ற மாபெரும் கண்காட்சி நடந்தது. வான் கோவின் படங்கள் மட்டும் நூற்றுக்கு மேல் அங்கே இருந்தன. செசான், கோகேன், முங்க், பிக்காசோ ஆகியோரும் இருந்தனர். ஐரோப்பாவின் புதிய ஓவியம் அத்தனையையும் ஒரே கூரையின்கீழ்க் கண்ட பேறு அனிதாவுக்குக் கிட்டியது. ஜெர்மனியில் அப்போது 'எக்ஸ்பிரஷனிசம்' என்னும் உணர்ச்சி வெளிப்பாட்டு ஓவியம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த காலம். புல் பச்சையாக இருப்பதால் பச்சை தீட்ட வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த ஓவியர்கள் தூக்கி எறிந்தனர். புல்லைப் பார்க்கும்போது உள்ளத்தில் எழும் உணர்ச்சிக்கு என்ன நிறமோ, அதுவே புல்லின் நிறம் என்றனர்.

முதல் உலகப் போர் மூண்ட 1914-இல் அனிதா ஊர் திரும்பியிருந்தார். ஐரோப்பாவுக்கு மீண்டும் செல்ல வழியில்லை. மாமாவின் உதவியால் இம்முறை நியூயார்க் சென்றார். அங்கே ஹோமர் பாஸ் என்பவர் நடத்திய ஓவியப் பள்ளியில் மாணவர்கள் விரும்பியபடி வரையலாம். இப்படித்தான் என்ற கட்டளை இல்லை. 1915-ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் மெய்ன் மாநிலத்தை அடுத்த மோன்ஹீகன் என்னும் சின்னஞ்சிறு தீவில் ஆசிரியரும் மாணவரும் தங்கி, பாறையையும் கடலையும் கலங்கரை விளக்கத்தையும் வரைந்து தள்ளினர். அனிதாவின் பெயரை நிலைக்கச் செய்த படங்கள் பெரும்பாலும் 1915, 1916 ஆகிய அந்த இரண்டே ஆண்டுகளில் பிறந்தவை. 'மஞ்சள் மனிதன்', 'பேதைப் பெண்', 'பச்சைக் கூந்தல் பெண்', 'ருஷ்ய மாணவி', 'கலங்கரை விளக்கம்' என்று வரிசையாகச் சொல்லலாம்.

1916-இல் வீடு திரும்பிப் பெட்டியைத் திறந்து படங்களைக் காட்டினார். வீட்டார் முகம் வாடிப்போயிற்று. பணம் கொடுத்துப் படிக்க வைத்த தாய்மாமனே மனம் கசந்தார். ஆக, அனிதா மீது விழுந்த முதல் அடி செய்தித்தாளிலிருந்து வரவில்லை. வீட்டுக் கூடத்திலேயே விழுந்துவிட்டது. இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை.

இனி லோபாட்டோவின் கட்டுரைக்கு வருவோம். எதிர்க்கட்சிக்காரர் என்பதற்காக அவரை முழு முட்டாளாகக் காட்டுவது நேர்மையாகாது. அவரும் படம் வரையத் தெரிந்தவர். பின்னாளில் பிரேசில் குழந்தைகள் விரும்பிப் படிக்கும் கதைகளை எழுதிக் குவித்தவர். அனிதாவிடம் வலிமை மிக்க திறமை இருக்கிறது என்று அந்தக் கட்டுரையிலேயே அவர் ஒப்புக்கொள்கிறார். ஐரோப்பாவின் புதுக் கொள்கைகளில் மயங்கி அத்திறமை வழி தவறிவிட்டதே என்பதுதான் அவருடைய ஆத்திரம். கலைஞர்கள் இரு வகை என்று பிரிக்கிறார் அவர். உள்ளதை உள்ளபடி இயல்பாகக் காண்பவர் ஒரு வகை. தோன்றி மறையும் கொள்கைகளின் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் கோணலாகக் காண்பவர் மறு வகை. இந்த இரண்டாம் வகைப் படங்களை மனநோய் விடுதிச் சுவர்களில் நோயாளிகள் கிறுக்கும் படங்களோடு ஒப்பிடுகிறார். ஒரே வேறுபாடு, நோயாளி உண்மையாகவே அப்படிக் கிறுக்குகிறான், கண்காட்சியில் தொங்குவதிலோ அந்த உண்மையும் இல்லை என்பது அவர் வாதம்.

இங்கேதான் எங்களுக்கு அவரோடு வழக்கு. அனிதாவின் படம் பிடிக்கவில்லை என்று அவர் எழுதியிருந்தால் நாங்கள் வாய் திறந்திருக்க மாட்டோம். பிடிக்காமல் போக எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அவர் இரண்டே கதவுகளைத் திறந்து வைத்தார். ஒன்று நோய், மற்றொன்று ஏமாற்று. ஒரு பெண் நன்றாகக் கற்று, நன்றாக யோசித்து, தான் கண்டதைக் கண்டபடி உண்மையாகவே வரைந்திருக்கக்கூடும் என்ற மூன்றாவது கதவை அவர் சுவர் எழுப்பி அடைத்துவிட்டார். எந்தக் கதவு வழியாக வெளியே வந்தாலும் அனிதாவுக்குத் தலைகுனிவுதான் மிச்சம்.

'மஞ்சள் மனிதன்' படத்தை எடுத்துக்கொள்வோம். நாங்கள் அச்சில்தான் பார்த்தோம். நேரில் பார்த்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கழுத்துப் பட்டையும் கோட்டும் அணிந்த ஓர் ஆள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சட்டத்துக்குள் இடம் போதாதவன் போல் நெருக்கி அடைந்திருக்கிறான். முகம் மஞ்சள். கண்களில் ஏதோ தவிப்பு. இதற்கு மாதிரியாக இருந்தவர் வறுமையில் வாடிய இத்தாலியக் குடியேறி ஒருவர் என்று அனிதாவே கூறியிருக்கிறார். பிழைப்புத் தேடி அயல்நாடு வந்து, நாளைய சோற்றுக்கு வழி தெரியாத ஒருவரின் முகம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறீர்கள்?

மனித முகம் மஞ்சளாக இருக்குமா என்று கேட்பவர்களை நாங்கள் ஒன்று கேட்கிறோம். அவமானத்தால் அவன் முகம் கறுத்தது என்கிறோம். கோபத்தில் கண் சிவந்தது என்கிறோம். பச்சைப் பொய் என்கிறோம். பொய்க்கு ஏது பச்சை? பேச்சில் இத்தனை வண்ணங்களை அள்ளித் தெளிக்கிற நாம் ஒருவரையொருவர் பைத்தியம் என்று சொல்லிக்கொள்வதில்லை. நாவுக்கு உள்ள இந்தச் சலுகை தூரிகைக்கு மட்டும் ஏன் இல்லை? இதற்கு விடை சொல்லிவிட்டு லோபாட்டோவின் பக்கம் சேர விரும்பும் தோழியர் தாராளமாகச் சேரலாம்.

அந்த மனநோய் விடுதி உவமை அதோடு போய்விடவும் இல்லை. 1937-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நாஜிகள் புதிய ஓவியங்களை எல்லாம் பறிமுதல் செய்து, 'சீரழிந்த கலை' என்று பெயரிட்டு, மக்கள் பார்த்து எள்ளி நகையாடுவதற்கென்றே மியூனிக் நகரில் கண்காட்சி வைத்தனர். அதே உவமையை அவர்களும் கையாண்டனர். அனிதாவின் ஆசான் கொரிந்த் வரைந்த படங்களும் அந்தப் பழிக்குத் தப்பவில்லை. பக்கவாதம் வந்த பிறகு அவர் வரைந்தவை சீரழிவு என்று தூற்றப்பட்டன. லோபாட்டோவை நாஜிகளோடு சேர்த்து எண்ணுவது பெரும் அநியாயம். அவர் எழுதியது ஒரு விமர்சனம். அவர்கள் செய்தது அராஜகம். ஆயினும், நமக்குப் பிடிக்காததை நோய் என்று அழைக்கும் பழக்கம் எங்கே போய் முடியக்கூடும் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

லோபாட்டோவின் கட்டுரையில் இன்னொரு பகுதி உண்டு. பெண்கள் பயிலும் பள்ளியில் இருக்கும் எங்களை அதுதான் மிகவும் யோசிக்க வைத்தது. ஆண்கள் பெண்களைப் பொருட்படுத்துவதில்லை, அதனால்தான் ஒரு பெண் அபிப்பிராயம் கேட்டால் இனிப்பாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், தாம் அப்படிச் செய்யாமல் மனத்தில் பட்டதைச் சொல்வதே அனிதாவுக்குத் தரும் மரியாதை என்ற பொருள்பட அவர் எழுதுகிறார். எங்களுள் இதில் இரு கட்சி ஏற்பட்டது. அவர் சொல்வது மெத்தச் சரி என்று ஒரு கட்சி. 'பெண்பிள்ளை வரைந்ததற்கு இது பரவாயில்லை' என்னும் பாராட்டைவிடக் கேவலமான வசை உலகில் உண்டா? அதைக் காட்டிலும் நேருக்கு நேர் திட்டு வாங்குவது மேல் அல்லவா? மற்றக் கட்சி விடவில்லை. மரியாதை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மனநோயாளியோடு ஒப்பிடுவது என்ன மரியாதை? லாசர் செகால் என்ற ஓவியர் 1913-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியிலிருந்து வந்து அதே சாவோ பாவுலோவில் புதிய பாணிப் படங்களைக் காட்டினார். அவருக்கு இப்படி ஒரு புயல் வீசவில்லையே! அவர் வெளிநாட்டு விருந்தாளி, இவர் உள்ளூர்ப் பெண் என்பதனாலா? முதற்கட்சிக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. எங்கள் முடிவு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. லோபாட்டோ சொன்ன கொள்கை நல்ல கொள்கை. அதை அவர் தாமே கடைப்பிடிக்கவில்லை. ஒருவரைப் பொருட்படுத்துவது என்றால் முதலில் அவர் உண்மையாகத்தான் பேசுகிறார் என்று நம்ப வேண்டாமா?

அந்தக் கண்காட்சிக்கு மாரியோ டி ஆண்ட்ரேட் என்னும் இளங்கவிஞர் வந்தார். படங்களைக் கண்டு சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டுப் போனவர் திரும்பவும் வந்தார். அதிலிருந்து அனிதாவின் நண்பரானார். பின்னாளில் அந்த 'மஞ்சள் மனிதனை' விலை கொடுத்தும் வாங்கிக்கொண்டார். சிரிப்பவர் எல்லாரும் பகைவர் அல்லர் போலும்! ஆஸ்வால்ட் டி ஆண்ட்ரேட் என்ற எழுத்தாளர் (பெயரில் ஒற்றுமையே தவிர இருவரும் உறவினர் அல்லர்) 1918 ஜனவரியில் அனிதாவுக்குப் பரிந்து பத்திரிகையில் எழுதினார். இவ்வாறு அனிதாவைச் சுற்றித் திரண்ட இளைஞர்கள் 1922-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாவோ பாவுலோ நகராட்சி அரங்கில் 'நவீனக் கலை வாரம்' நடத்தினர். பிரேசிலின் புதிய இலக்கியம், இசை, ஓவியம் அனைத்துக்கும் அதுவே பிள்ளையார்சுழி. முன்கூடத்தில் அனிதாவின் படங்கள் சுமார் 20 தொங்கின. லோபாட்டோ ஊதி அணைக்கப் பார்த்த விளக்கிலிருந்தே அவர்கள் தங்கள் விளக்குகளை ஏற்றிக்கொண்டார்கள் என்றால் அது மிகையாகாது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. முடியவில்லை. அனிதா மீண்டும் அந்த 1915-ஆம் ஆண்டின் வேகத்தோடு வரையவே இல்லை. 1919-இல் பெட்ரோ அலெக்ஸாந்த்ரினோ என்ற பழைய முறை ஓவியரிடம் போய்ப் பழங்களையும் பாத்திரங்களையும் பார்த்து வரையும் பாடம் கற்றார். (பின்னாளில் புகழ்பெற்ற தார்சிலா டோ அமராலை அவர் சந்தித்தது அங்கேதான்.) 1923 முதல் 1928 வரை மாநில அரசின் உதவித்தொகையில் பாரிசில் தங்கினார். அப்போதும் அவர் நாடியது ஆரவாரமற்ற வீட்டு அறைகளையும் சன்னல் வெளிச்சத்தையும்தான்; பழைய இத்தாலிய ஓவியர்களையும் விரும்பிப் பயின்றார். நாடு திரும்பியபின் பள்ளிகளில் ஓவியம் கற்பித்தார். நாளடைவில் கிராமத் திருவிழாக்களையும் சிற்றூர் மக்களையும் எளிமையாக வரையலானார்.

லோபாட்டோவின் கட்டுரைதான் அவரை முடக்கிவிட்டது என்று நெடுங்காலம் எழுதினார்கள். மாரியோவும் அப்படித்தான் கருதினார். பிற்கால ஆராய்ச்சியாளர்கள், குறிப்பாக 1995-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதிய தாதேவ் கியாரெல்லி, இதை மறுக்கின்றனர். கட்டுரை வருவதற்கு முன்பே அனிதாவின் பாணி மாறத் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். 1917 கண்காட்சியிலேயே இருந்த, பழக்கூடையோடு நிற்கும் பெண்ணைக் காட்டும் 'வெப்பமண்டலம்' என்ற படத்தைப் பாருங்கள். 'மஞ்சள் மனிதனின்' கொந்தளிப்பு அதில் இல்லை. போருக்குப்பின் ஐரோப்பாவிலும் பல ஓவியர்கள் அடக்கமான பாணிக்குத் திரும்பினர் என்பதும் உண்மை. பிக்காசோவும் அவர்களுள் ஒருவர். அவரை யாரும் 'பாவம், முடங்கிவிட்டார்' என்று சொல்லக் காணோம்!

எங்களுக்கு இரு தரப்பும் முழு நிறைவு தரவில்லை. வீட்டில் மாமாவின் கசப்பு, வெளியில் செய்தித்தாளின் ஏளனம், திரும்பி வந்த படங்கள் என்று இத்தனையும் ஒரு மனத்தைத் தொடவே இல்லை என்று சொன்னால் நம்ப முடியுமா? காயம் பட்டிருக்கும், பட்டே தீரும். ஆனால் காயத்தைத் தவிர அவரிடம் வேறொன்றுமே இல்லை என்று சொல்வதையும் எங்களால் ஏற்க முடியவில்லை. அனிதாவின் பிற்காலப் படங்களைக் கண்டு உச்சுக்கொட்டுகிறவர்கள், புரட்சிக்காரி ஏன் இப்படி அடங்கிப்போனாள் என்று வருந்துகிறவர்கள், தங்களை அவருடைய நண்பர்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். லோபாட்டோ, பழைய முறையில் வரை என்றார். இவர்களோ, புதிய முறையிலேயே வரைந்துகொண்டிரு என்கிறார்கள். சன்னல் வெளிச்சத்தை விரும்பி வரையும் பெண்ணும் தான் கண்டதையே வரைகிறாள் என்ற எண்ணம் இவர்களுக்கும் வரவில்லை. மூன்றாவது கதவு இந்தப் பக்கமும் அடைபட்டுத்தான் கிடக்கிறது.

1964-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் அனிதா அம்மையார் காலமானார். 'பேதைப் பெண்' சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தின் கலைக் காட்சியகத்தில் இருக்கிறாள். மாரியோவின் சேகரிப்போடு 'மஞ்சள் மனிதனும்' அதே பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்துவிட்டான்.

அம்மையாரின் படங்களுள் எது சிறந்தது என்று எங்களுக்குள் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வண்ண ஓவியங்களில் 'மஞ்சள் மனிதனுக்கே' பெரும்பான்மை. ஆயினும் எங்களுள் சிலர் பிடிவாதமாக வேறொன்றுக்கு வாக்களித்தோம். அது 1922-இல் விளையாட்டாக வரைந்த ஒரு சிறு கோட்டுச் சித்திரம். அந்த ஆண்டில் இணைபிரியாமல் திரிந்த ஐந்து நண்பர்களை அது காட்டுகிறது. மாரியோவும் தார்சிலாவும் பியானோவின்முன் இருக்கிறார்கள். ஆஸ்வால்டும் மெனோட்டி டெல் பிக்கியா என்ற கவிஞரும் தரை விரிப்பில் கிடக்கிறார்கள். ஐந்தாமவர் அனிதா. ஊரே தூற்றிய அந்த ஓவியர், தம்மைச் சோபாவின்மேல் சுகமாகப் படுத்திருப்பதாக வரைந்திருக்கிறார்.